பட்டறையில் படிக்கும் படிப்பு

திருச்சிராப்பள்ளி தில்லை நகரின் குறுக்குத் தெருக்களில் மாலை வேளையில் நடப்பவர்க்கு, மருத்துவமனைகளுக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படுவன நுழைவுத் தேர்வுகளுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் பயிற்சி நிலையங்களின் பலகைகளே. அப்பிள்ளைகளின் சிரத்தையை நான் மதிக்கிறேன். ஆயினும், பத்தாம் வகுப்பில் தேறிய ஒரு பையன் பாலிடெக்னிக்கில் சேரப் போகிறேன் என்று சொன்னவுடன், துக்கம் விசாரிக்க வந்தவர்களைப் போல உறவினரின் குரல் தாழ்ந்துவிடுவது, அதிலும் திருச்சிராப்பள்ளியில் தாழ்ந்துவிடுவது, எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது.

ஏனெனில், நாகப்பட்டினத்திலிருந்து பெயர்ந்து 1928-இல் இவ்வூரின் பொன்மலையில் அமைந்து, நீலகிரி மலை இரயிலுக்கு இந்த நூற்றாண்டிலும் புதிய நீராவி எஞ்சின்களைச் செய்து தந்த இரயில்வே பணிமனையும், செக்கோஸ்லோவாகியாவின் ஒத்துழைப்போடு 1965-இல் திருவெறும்பூரில் எழுந்த பாய்லர் ஆலையும், அதைச் சார்ந்து துவாக்குடி வரை பரவிய சிறு தொழிற்கூடங்களும், பட்டதாரிகளால் மட்டும் நடந்தவை அல்ல, டிப்ளமாக்காரர்களும் ஐ.டி.ஐ. படித்தவர்களும் தோள் கொடுத்தவை.

அந்தப் படிப்பின் சாரத்தை நான் உணர்ந்தது ஃபிட்டிங் பட்டறையில். உள்ளங்கையளவு இரும்புத் தகட்டை வைஸில் பிடித்து, அரத்தால் ராவி, விளிம்பை ஒரே மட்டமாக்க வேண்டும். பார்வைக்கு அற்பமான காரியம். மூலைமட்டத்தை விளிம்பில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால், நடுவில் தகடு ஒட்டியிருக்க, இரு ஓரங்களிலும் வெளிச்சம் கீற்றாகக் கசியும். "தம்பி, அரம் ஊஞ்சலாடுது பார், முன்கையையும் பின்கையையும் ஒரே மாதிரி அழுத்தாதே" என்பார் பயிற்றுநர். அரம் முன்னே செல்லத் தொடங்குகையில் அதன் நுனியைப் பிடித்த இடக்கை அழுத்தம் மிகுந்தும், நடுவில் இரு கைகளும் சமமாகவும், முடிவில் பிடியைப் பற்றிய வலக்கை மிகுந்தும் இருந்தால்தான் அரம் சாயாது. அடுத்த வகுப்பில் நெம்புகோலின் திருப்புத்திறனைக் கரும்பலகையில் எழுதியபோது, என் மணிக்கட்டு முன்னரே அறிந்திருந்த ஒன்றுக்கே அது சூத்திரம் என்று கண்டு அடைந்த ஆனந்தத்தை இன்னும் மறக்கவில்லை. கையின் அப்பியாசமும் கணித சாஸ்திரமும் இவ்வாறு ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லும் கல்வி வேறெங்கும் எனக்கு வாய்க்கவில்லை.

மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கை மைக்ரோமீட்டர் காட்டும் என்பதைப் புத்தகமும் சொல்லும். அந்த நூற்றில் ஒரு பங்குக்காக லேத்தின் முன் மூச்சடக்கி நிற்பதைப் பட்டறைதான் கற்பிக்கும். உயர் அழுத்தக் குழாயின் பற்றவைப்பை எக்ஸ்ரே பிலிமில் பார்க்கும்போது உள்ளே ஒரு காற்றுக்குமிழோ கசடோ அளவு மீறித் தென்பட்டால், அந்த இணைப்பை வெட்டிச் சீர்செய்ய வேண்டும்; பாய்லர் ஒழுங்குவிதிகளும் தேர்ச்சி பெற்ற வெல்டரையே அவ்வேலைக்கு அனுமதிக்கின்றன. மனித உயிர்கள் அந்த ஒரு கையின் நேர்மையை நம்பியிருக்கின்றன. அதை இரண்டாந்தர உத்தியோகம் என்று யார் சொல்வது?

மேற்படிப்புக்கு வழி அடைபடும் என்ற அச்சமும் ஆதாரமற்றது. ஐ.டி.ஐ. முடித்தவர் டிப்ளமாவிலும், டிப்ளமா முடித்தவர் பொறியியற் பட்டத்திலும் நேரே இரண்டாம் ஆண்டில் சேர விதி இருக்கிறது. அமெரிக்காவில் 1901-இல் ஜோலியட் நகரில் தொடங்கிய கல்லூரி முதல், இன்று சமுதாயக் கல்லூரிகள் எனப்படுபவை பலவும் இவ்வகையில் இரண்டாண்டுப் படிப்பையும் பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் பாதையையும் சேர்த்தே தருகின்றன. அங்கே ஆலைத்தொழில் கற்கச் செல்வதை எவரும் வீழ்ச்சியாக எண்ணுவதில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் வழி திறந்திருக்கிறது.

ஆகவே பெற்றோர்களே, பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன், துவாக்குடி அரசு பாலிடெக்னிக்கின் பட்டறையை உங்கள் பிள்ளையோடு ஒருமுறை சென்று பாருங்கள். அங்கே அவன் கை எதைத் தொட விரும்புகிறது என்று கவனித்துவிட்டு, பிறகு முடிவு செய்யுங்கள்.