மாட்டுக் கொட்டிலில் உறங்கிய மோட்டார் சைக்கிள்

யாழ்ப்பாணத்தைப் பார்க்க வருவோர் நல்லூர்க் கோயிலையும் ஒல்லாந்தர் கோட்டையையும் கண்டு திரும்புங்கால், மறவாமற் குறிப்பிடும் மற்றுமொரு காட்சி உண்டு. பிற ஊர்களில் நூதனசாலைக்கு உரியனவாகிவிட்ட ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் இங்கே இன்னும் ஆங்காங்கு ஓடிக்கொண்டிருப்பதே அது. யாழ்ப்பாணத்தாரின் சிக்கனம் என்று இதனைச் சொல்லிச் சிரிப்போர் உளர். சிக்கனம் உண்மைதான். ஆயினும், சிக்கனம் மாத்திரம் ஒரு யந்திரத்தை அறுபது ஆண்டுகள் ஓட வைத்துவிடாது.

1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது, வடபகுதிக்குப் பெற்றோலும் பற்றரியும் சீமெந்தும் வருவது தடைப்பட்டது. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின்னரே அந்நிலை முற்றாக மாறிற்று. இடைப்பட்ட காலத்தில் நம்மவர் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டப் பழகினர். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. ஆதலின் குளிர்ந்த எஞ்சினை அதனால் எழுப்புதல் அரிது. சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். வெண்புகை தெருவை மூடும், வண்டி நகரும். இன்று நாற்பது வயதைத் தாண்டிய எவருக்கும் அந்தப் புகையின் மணம் மறந்திராது.

இவ்வாறு ஓடிய வாகனங்களின் கதையைப் பலரும் பேசுவர். ஓடாது நிறுத்தப்பட்டவற்றின் கதையைப் பேசுவார் சிலரே. கொட்டில்களிலும் பத்திகளிலும் சாக்குப் போர்த்துக் கிடக்கும் அவற்றுள் ஒன்றைத் தேடிச் சென்ற பயணத்தையே இங்கு எழுதுகின்றோம்.

பழைய யந்திரங்களில் நமக்குள்ள ஈடுபாட்டை அறிந்த உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், ஆவணி விடுமுறை தொடங்கும் நாளில் நம்மை அணுகினான். "சேர், அம்மப்பாவின்ர மோட்டார் சைக்கிளைப் பழைய இரும்புக்குக் குடுக்கச் சொல்லி மாமா கனடாவில இருந்து சொல்லிப்போட்டார். ஒருக்கா வந்து பாருங்கோ" என்றான். இரும்பு வாங்குபவர் நிறைக்கு இன்ன விலை என்று ஏற்கெனவே பேசிச் சென்றிருந்தார். அவர் மீண்டும் வருவதற்கு ஒரு கிழமையே இருந்தது.

மறுநாட் காலை, பருத்தித்துறைக்குச் செல்லும் பேருந்தில் ஏறினோம். நல்லூரைக் கடந்து இருபாலை, கோப்பாய் வழியாக அது செல்லும். நீர்வேலியை அணுகும்போது இருமருங்கும் செம்மண்ணில் வாழைத் தோட்டங்கள் பசுமை காட்டும். சிறுப்பிட்டி, புத்தூர், ஆவரங்கால் வரை தோட்டமும் வீடும் மாறி மாறி வரும். பின்னர் திடீரென நிழல் ஒழிந்து, வானமும் வெளியும் மாத்திரமே எஞ்சும். அதுவே வல்லை வெளி. தொண்டைமானாற்று நீரேரியைத் தழுவிக் கிடக்கும் அவ்வுவர் நிலத்தில் காற்றைத் தடுக்க ஒரு மரமும் இல்லை. பேருந்தின் திரைச்சீலைகள் படபடக்க, பாலத்தைக் கடந்து வடமராட்சிக்குள் நுழைந்தோம்.

வீடு, நெல்லியடியை அடுத்த கரவெட்டியில், பனை வளவொன்றின் நடுவே இருந்தது. மாணவனின் அம்மம்மா 85 வயதைக் கடந்தவர். நம்மை வரவேற்றுத் தேநீர் தந்த பின்னர், "வாத்தியார் தம்பி, உது இனி ஓடுமோ?" என்று கேட்டார். பார்த்த பின்னர்தான் சொல்ல முடியும் என்றோம்.

அவருடைய கணவர் அரசாங்க வைத்தியசாலையில் அப்போதிக்கரியாகக் கடமையாற்றியவர். ஓய்வுபெற்ற பின்னரும் நள்ளிரவில் எவர் வந்து படலையைத் தட்டினாலும், மருந்துப் பெட்டியைப் பின்னே கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவாராம். அவர் திரும்பி வரும் ஒலி நெல்லியடிச் சந்திப் பக்கம் கேட்டதும், தாம் எழுந்து அடுப்பை மூட்டுவது வழக்கம் என்றார் அம்மையார். 1990இன் பின்னர் சில காலம் அவரும் மண்ணெண்ணெயில் ஓட்டிப் பார்த்தார். "இப்பிடியே ஓடினால் இது செத்துப்போகும்" என்று ஒருநாட் சொல்லி, மாட்டுக் கொட்டிலில் நிறுத்தினார். 1992ஆம் ஆண்டின் பின்னர் அது வெளியே வரவில்லை. 1999இல் அவரும் காலமானார்.

சாக்கை நீக்கியதும் வண்டியை இனங்கண்டுகொண்டோம். அது பி.எஸ்.ஏ. பன்ரம். பன்ரம் என்பது உருவிற் சிறிய ஒரு கோழியினத்தின் பெயர். இங்கிலாந்தின் பேமிங்காம் நகரில் 1948 முதல் 1971 வரை மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. அந்நாட்டிற் தந்தி கொண்டு சென்ற இளைஞர் ஏறித் திரிந்ததும் இதிலேயே. ஆயினும், இதன் பிறப்பிடம் இங்கிலாந்தன்று. ஜேர்மனியின் டி.கே.டபிள்யூ. நிறுவனம் 1939இல் வெளியிட்ட 125 கன சென்ரிமீற்றர் வண்டியின் வரைபடங்கள், இரண்டாம் உலகப் போரின் பின்னர் நட்டஈடாக வென்றோர் கைக்குச் சென்றன. அதனை அடியொற்றி ஆங்கிலேயரும் அமெரிக்கரும் ரஷ்யரும் வண்டி செய்தனர். 1955இல் யமஹா நிறுவனம் செய்த முதல் மோட்டார் சைக்கிளும் அதன் வழிவந்ததே. ஒரு போர் ஊர் ஊராக அனுப்பிய யந்திரத்தை மற்றொரு போர் கரவெட்டியில் நிறுத்தி வைத்தது.

நெடுநாள் நின்ற வண்டியைக் கண்டவுடன் உதைத்துப் பார்க்கும் ஆசை எவர்க்கும் எழும். அதனை அடக்குதல் வேண்டும். சிலிண்டரின் சுவரிற் பிடித்த துருவின்மேல் பிஸ்ரன் உராய்ந்தால், அதுவரை தப்பியிருந்ததும் கெட்டுவிடும். ஆதலின் முதலிற் பார்வையாலேயே ஆராயத் தொடங்கினோம். ஆராயும்தோறும் வியப்பு மிகுந்தது.

வண்டி தரையில் நிற்கவில்லை. இரு பனங்குற்றிகளின்மேல் ஏற்றப்பட்டிருந்தது. சில்லுகள் நிலத்தைத் தொடவில்லை. பெற்றோல் தாங்கி வெறுமையாக்கப்பட்டு, உள்ளே ஒயில் பூசப்பட்டு, வாய் எண்ணெய்த் துணியால் அடைக்கப்பட்டிருந்தது. பிளக்கைக் கழற்றியபோது அதன் அடியிற் கரிய ஒயில் ஒட்டியிருந்தது. நிறுத்தும்போதே சிலிண்டருக்குள் ஒயில் ஊற்றியிருக்கிறார்! காபரேற்றர் இருக்க வேண்டிய இடத்தில் மரக்கட்டை ஒன்று செருகப்பட்டிருந்தது. "அது எங்கே?" என்று கேட்டோம். அம்மையார் சற்று யோசித்து, அறைக்குட் சென்று ஒரு பிஸ்கற் தகரத்தைக் கொணர்ந்தார். மருந்துப் போத்தல்களோடு இருந்தமையால் அதனையும் மருந்துச் சாமான் என்றே எண்ணி வைத்திருந்தாராம். உள்ளே, துணியிற் சுற்றிய காபரேற்றர் பித்தளை மின்ன இருந்தது.

இதன் பொருளை வாசகர் உணர்தல் வேண்டும். தாங்கியிலும் காபரேற்றரிலும் பெற்றோலை விட்டு நிறுத்தினால், அது நாளடைவில் வற்றிப் பிசினாகி, தலைமயிர் அளவேயான துளைகளை அடைத்துவிடும். ஈரம் தாங்கியைத் துருவாக்கும். கைவிட்ட வண்டிகள் பெரும்பாலும் இவ்வாறே அழிகின்றன. இவரோ வண்டியைக் கைவிடவில்லை, உறங்க வைத்திருந்தார். மீண்டும் எடுக்கும் நாள் ஒன்று வரும் என்று எண்ணியவரின் கை, ஒவ்வொரு முடிச்சிலும் தெரிந்தது.

"இரும்புக்காரருக்கு இப்ப ஒண்டும் சொல்ல வேண்டாம்" என்று பேரனிடம் கூறிவிட்டு வேலையைத் தொடங்கினோம். நெல்லியடியில் நீண்டகாலம் கராஜ் நடத்திய பெரியவர் ஒருவர் துணைக்கு வந்தார். மண்ணெண்ணெயும் ஒயிலும் கலந்து பிளக் துளை வழியே ஊற்றி மூன்று நாள் விட்டோம். நான்காம் நாள், வண்டியைக் கியரில் இட்டுப் பின்சில்லைக் கையால் மெல்ல அசைத்தோம். முதலில் ஒரு விரற்கடை. பின்னர் ஒரு சாண். மாலைக்குள் சில்லு முழுதாகச் சுழன்றது.

இவ்வண்டி பொறி எழுப்புவதற்குப் பற்றரி வேண்டுவதில்லை. எஞ்சினோடு சுழலும் காந்தச் சில்லே மின்னைத் தரும். பற்றரிக்குத் தட்டுப்பாடு நிலவிய நாளிலும் இது உதவியதற்கு அதுவே காரணம். மின் தொடுமுனைகளிற் படிந்திருந்த படலத்தை மெல்லிய அரத்தாளால் நீக்கிப் பிளக்கை எஞ்சின் மீது வைத்துச் சுழற்றியபோது, நீலப்பொறி ஒன்று தோன்றியது. பேரன் கைதட்டினான், பெரியவர், "பொறி மட்டும் காணாது, தம்பி" என்றார்.

அவர் சொன்னது சரியே. இது இரண்டடி எஞ்சின். பெற்றோலும் காற்றும் முதலில் எஞ்சினின் அடிப்பெட்டிக்குட் புகுந்து, அங்கு அமுக்கப்பட்டே மேலே செல்லும். அச்சின் இருபுறத்திலும் உள்ள சீல்கள் காய்ந்து இறுகியிருப்பின் காற்றுக் கசியும். பொறி எவ்வளவு நன்றாயினும் எஞ்சின் எழாது. புதிய சீல்களும் பிஸ்ரன் றிங்குகளும் கொழும்புப் பஞ்சிகாவத்தையிலிருந்து இரவுப் பேருந்தில் வந்து சேர்ந்தன. வெடித்திருந்த ரயர்கள், ரியூப்கள், செயின் ஆகியனவும் மாற்றப்பட்டன. புகைக்குழாயைக் கழற்றியபோது மண்ணெண்ணெய்க் கரி கைப்பிடியளவு உதிர்ந்தது. 1990களின் எச்சத்தைத் தாளில் ஏந்திச் சற்று நேரம் பார்த்திருந்தோம்.

ஏறத்தாழ இருபது பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு ஒயில் கலந்து தாங்கியில் ஊற்றினோம். ஆறாவது உதையில் ஒருமுறை தும்மியது. ஒன்பதாவது உதையில் கொட்டில் முழுவதும் நீலப்புகை நிரம்ப, எஞ்சின் எழுந்தது. கோழிகள் சிதறி ஓடின.

பழைய பதிவுப் புத்தகம் அம்மையாரின் றங்குப் பெட்டியில் இருந்தது. காப்புறுதியும் வரி அனுமதிப்பத்திரமும் பெற்ற பின்னர், புரட்டாதியில் ஒருநாள் வண்டியைத் தெருவில் இறக்கினோம். நெல்லியடிச் சந்தியைக் கடந்து வல்லை வெளியை நோக்கிச் சென்றோம். அங்கு சோளகக் காற்று இன்னும் ஓயவில்லை. சிறிய எஞ்சினுக்கு அவ்வெதிர்காற்று ஒரு பரீட்சையே. மூன்றே கியர், மூன்றாவதில் மூச்சு வாங்கியது, இரண்டாவதிற்கு இறக்கியதும் முனகிக்கொண்டு முன்னேறியது. பேருந்தில் ஒரு நொடியிற் கடக்கும் வெளி, இவ்வண்டியில் தன் முழு அகலத்தையும் காட்டிற்று. நீரேரியிற் கால் பதித்து நின்ற கொக்குகளையும், உவர்மண்ணின் வெடிப்புகளையும் அன்றுதான் நன்கு கண்டோம். இருட்டில், ஒரு சிறு விளக்கொளியில், மருந்துப் பெட்டியோடு இக்காற்றை எதிர்த்துச் சென்ற ஒருவரை எண்ணிப் பார்த்தோம். வாகனம் ஓட்டுவோர் வணங்கிச் செல்லும் வல்லை முனியப்பரை நாமும் வணங்கித் திரும்பினோம். காற்று இப்போது முதுகைத் தள்ளிற்று.

ஒழுங்கை முடக்கில் திரும்பும்போதே அம்மையார் படலையில் நிற்பதைக் கண்டோம். எவரும் அவருக்குச் சொல்லவில்லை, ஒலி சொல்லியிருந்தது. "சத்தம் கொஞ்சம் மாறிப்போச்சு, தம்பி. ஆனால் அதுதான்" என்றார். வேறொன்றும் சொல்லாது உள்ளே சென்று அடுப்பை மூட்டினார்.

அன்றிரவு பேரன் கனடாவிலுள்ள மாமனாருக்குத் தொலைபேசியில் எஞ்சின் ஒலியைக் கேட்கச் செய்தான். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. பின்னர், "பிறேக் பிடிக்குதோ?" என்று மாத்திரம் ஒரு கேள்வி வந்தது. இரும்பு விற்பது பற்றி அதன்பின் எவரும் பேசவில்லை. ஞாயிறுதோறும் அவ்வண்டி இப்போது சந்தை வரை சென்று வருகிறது. நின்றாற் கெடும் என்பதைப் பேரன் அறிந்துகொண்டான்.

நம் வீடுகளில் இவ்வாறு மூடிக் கிடப்பவை இன்னும் பல. தையல் யந்திரம், நீரிறைக்கும் யந்திரம், வானொலிப் பெட்டி எனப் பெயர் வேறாயினும் நிலை ஒன்றே. அவை யாவும் மீண்டும் இயங்கும் என்று நாம் கூறவில்லை. துருவேறி முடிந்துவிட்டதை இரும்புக்குக் கொடுப்பதிற் குற்றமும் இல்லை. ஆயின் நிறுப்பதற்கு முன் சாக்கை நீக்கி, அது எவ்வாறு வைக்கப்பட்டிருக்கிறது என்பதை ஒருமுறை பாருங்கள். எறிந்து வைத்தது வேறு. திரும்ப எடுக்க வைத்தது வேறு. போரும் இடப்பெயர்வும் கண்ட ஊரில், திரும்ப எடுக்கலாம் என்று ஒருவர் நம்பி வைத்த பொருளைக் கைவிடுமுன், அந்த நம்பிக்கையையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நமக்குரிய கடமையாகும்.