விரல் நுனி

பழவேற்காட்டில் ஒல்லாந்தரின் பழைய கல்லறைத் தோட்டம் ஒன்றுண்டு. அதன் வாயிலில் எலும்புக்கூடுகளைக் கல்லிற் செதுக்கி நிறுத்தியுள்ளனர். ஏரிக்கரைக் குப்பங்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் பயிற்றிய நாளில், மாலை வேளைகளில் நான் அங்கு உலவுவதுண்டு. 1613-ஆம் ஆண்டில் அவர்கள் எழுப்பிய ஜெல்டிரியாக் கோட்டை இன்று அழிந்துவிட்டது. சோழமண்டலக் கரைத் துணிகளைக் கப்பலேற்றிய அவ்வணிகர்களின் கல்லறைகளே எஞ்சியுள்ளன.

அவர்கள் தாய்நாட்டில், டெல்ப்ட் என்னும் நகரில், மற்றொரு துணி வணிகர் வாழ்ந்தார். ஆன்டனி வான் லீவன்ஹூக் என்பது அவர் பெயர். துணியின் இழைகளை எண்ணிப் பார்க்க வணிகர்கள் பூதக்கண்ணாடி வைத்திருப்பர். இவரோ தாமே கண்ணாடியைத் தேய்த்து, ஏறத்தாழ 270 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும் வில்லைகளைச் செய்தார். 1683-இல், பழவேற்காடு இக்கரையில் ஒல்லாந்தரின் தலைமையிடமாக விளங்கிய காலத்தில், தம் பல்லிடுக்கின் வெண்ணிற அழுக்கை எடுத்து அவ்வில்லை வழியே நோக்கினார். சின்னஞ்சிறு உயிர்கள் துள்ளித் திரிந்தன! நாள்தோறும் உப்பிட்டுத் துலக்கும் தம் வாயிலேயே, தம் நாட்டு மக்களினும் மிகுதியான உயிர்கள் குடியிருப்பதாக இலண்டன் இராயல் கழகத்துக்கு எழுதினார்.

இக்கதையை வகுப்பில் நான் சுவைபடக் கூறியதுண்டு. அதன் பொருள் எனக்கு விளங்கியது வேறொரு நாளில்.

அன்று புறத்தூய்மையைப் பற்றிய குறளை விளக்கிவிட்டு, கட்டுரை ஏடுகளைத் திருத்த அமர்ந்தேன். ஆட்காட்டி விரலை நாவில் தொட்டுத் தாளைப் புரட்டுவது என் வழக்கம். என் ஆசிரியரும் அவ்வாறே புரட்டுவார். அதுவும் புலமையின் அடையாளம் என்று நான் கருதியிருந்தேன் போலும்! அருகில் நின்ற மாணவன் ஒருவன் தயங்கித் தயங்கி, "ஐயா, விடியற்காலையில் அம்மாவுடன் இறால் உரித்துவிட்டு, கையைச் சரியாகக் கழுவாமல் ஓடிவந்து அதை எழுதினேன். நாவில் விரலை வைக்காதீர்கள், உங்களுக்கு வயிறு கெட்டுவிடும்" என்றான். அவன் தங்கை வயிற்றுப்போக்கினால் மருத்துவமனையில் கிடந்த வாரம் அது.

பழவேற்காடு ஏரி கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் உவர்நீர்ப் பரப்பு. இத்தகைய நீரில் விப்ரியோ என்னும் நுண்ணுயிர் இனம் இயல்பாகவே வாழும். இறால், நண்டு இவற்றின் ஓட்டில் ஒட்டிக்கொள்ளும். 1884-இல் இராபர்ட் கோக் கல்கத்தாவில் ஆராய்ந்த காலராக் கிருமியும் அவ்வினத்ததே. வெயிலில் நன்கு உலர்ந்த பொருளில் அது நெடுநேரம் பிழைப்பதில்லை. ஈரந்தான் அதற்கு வாழ்வு. துடுப்பின் பிடி, தராசுத் தட்டு, ஐஸ் பெட்டியின் மூடி, ஏலத்தில் கைமாறும் நனைந்த பணத்தாள் என ஏரிக்கரையில் ஈரமற்ற பொருள் எது? சீழ் உண்டாக்கும் கிருமிகளோ உலர்ந்த கதவுப்பிடியிலும் பல நாள் தங்கவல்லவை. நுண்ணுயிர் எல்லாம் தீயவை அல்ல; பாலைத் தயிராக்குவதும் ஒன்றே. ஆயினும் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிளக்கும் ஓர் உயிர், உணவும் ஈரமும் வெம்மையும் குறையாதிருப்பின், 7 மணி நேரத்தில் 20 இலட்சத்துக்கும் மேலாகப் பெருகிவிடும். கணக்கிட்டுப் பாருங்கள்.

அம்மாணவன் என் வயிற்றுக்காகவே அஞ்சினான். எனக்கோ வேறோர் அச்சம் எழுந்தது. ஐம்பது ஏடுகளிலும் என் எச்சில் அன்றோ படிந்திருந்தது! அவ்வாண்டு மார்கழி முழுதும் எனக்கு இருமலும் சளியும். வகுப்பில் பாதிப்பேர் இருமியபோது, "பனியில் திரியாதீர்கள்" என்று அவர்களைத் தாமே கடிந்துகொண்டேன்? மண்பானை அருகிலிருந்த ஒரே குவளையிலும் அவர்களுக்கு முன்னே வாய்வைத்துப் பருகியவன் நான்தான்.

மறுநாள் ஒரு சோப்புக் கட்டியும் வாளியும் வாங்கிவந்து வகுப்பின் வாயிலில் வைத்தேன். முதலில் நான் கழுவினேன், பிள்ளைகள் சிரித்தார்கள், பிறகு வரிசையில் நின்றார்கள். அவன் தங்கை பத்து நாளில் பள்ளிக்குத் திரும்பினாள்.

ஓய்வு பெற்றுப் பல்லாண்டுகள் ஆயின. இன்றும் ஒரு நூலை விரித்தால் என் விரல் நாவை நோக்கிப் பாதிவழி எழுகிறது. அவன் தயங்கி நின்ற முகம் நினைவில் வருகிறது. கையைத் தாழ்த்திக்கொண்டு, தாளின் ஓரத்தை மெல்லப் பிரிக்கிறேன்.