காற்று முறித்த கொப்பு

எங்கள் உம்மாவின் வளவில் ஒரு மாமரம் நிற்கிறது. வெள்ளைக் கொழும்பான். 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு அடித்த சூறாவளியில் வளவிலிருந்த தென்னைகள் அத்தனையும் சாய்ந்துபோக, அடுத்த மாரியில் வாப்பா நட்ட ஒட்டுக்கன்று. நான் பிறந்தது அதற்குப் பிறகு. அந்த வகையில் மரம் எனக்கு மூத்தது. எங்கள் பகுதி வழக்கப்படி நான் கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போனேன். உம்மாவின் வீடு தங்கச்சிக்குச் சீதனமானது, மரமும் அதனோடு போனது. ஆனாலும் வாப்பா மௌத்தான பிறகு அந்த வளவின் காரியங்களுக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

2013இல் மரம் கூரைக்கு மேல் கவிந்து நின்றது. ஓடெல்லாம் சருகு, பீலியெல்லாம் அடைப்பு, மாரி வந்தால் பயம். இயந்திர வாள் வைத்திருந்த ஒருவரைப் பிடித்தேன். "சேர், தலைய எடுத்துவிட்டாப் பத்து வருஷத்துக்கு யோசின இல்ல" என்றார். உம்மா வாசலில் நின்று சொன்னா:

"வாப்பாட கையால வெச்ச மரம் மனே. கொப்பக் குறை. தலைய வெட்டாத."

கலாசாலையில் பயின்று வந்த வாத்தியார் நான். எழுதப் படிக்கத் தெரியாத உம்மாவின் பேச்சைக் கேட்பேனா? பகலுக்குள் மரம் மொட்டையாகிவிட்டது. வெட்டுவாய்களுக்குத் தார் பூசினோம். அடுத்த மாரியில் ஒவ்வொரு வெட்டிலிருந்தும் பத்துப் பதினைந்து துளிர்கள் நேர்நேராகக் கிளம்பின. "பாத்தீங்களா உம்மா, மரம் தழைச்சிட்டு" என்று பெருமையோடு சொன்னேன். உம்மா ஒன்றும் சொல்லவில்லை.

2019 மாரியில் ஒருநாள் சுபஹுக்கு வுழூச் செய்யக் கிணற்றடிக்குப் போன உம்மாவின் மேல் அந்தத் துளிரில் வளர்ந்த ஒரு கொப்பு விழுந்தது. தோள் எலும்பு வெடித்தது. விழுந்த விழுகையில் இடுப்பும் முறிந்தது. அதன் பிறகு உம்மா எழுந்து நடக்கவில்லை. சுகம் விசாரிக்க வந்தவர்களுக்கெல்லாம் உம்மா ஒரே பதிலைத்தான் சொன்னா: "காத்து முறிச்ச கொப்பு. அல்லாஹ்ட நாட்டம்."

அன்று காற்று அடிக்கவில்லை. தூறல் மட்டும்தான்.

மச்சான் மரத்தையே தறித்துவிட ஆள் பார்த்தார். கட்டிலில் கிடந்தபடியே உம்மா மறுத்தா. அப்போதுதான் மரம் ஏறுவதையே தொழிலாகக் கொண்ட ஒரு பெரியவரை அடுத்த ஊரிலிருந்து கூட்டி வந்தேன். வந்தவர் வாளைத் தொடவில்லை. மரத்தை மூன்று தரம் சுற்றி நடந்தார். மின்கம்பி போகும் வழியைப் பார்த்தார். அடிமரத்தைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு கேட்டார், "தலைய வெட்டினது ஆரு?"

"நான்தான்" என்றேன்.

முறிந்த இடத்தைக் காட்டினார். இயற்கையாக வளரும் கிளை வருடத்துக்கு வருடம் அடிமரத்தோடு பின்னிப் பிணைந்து தடிக்கும். மொட்டையடித்த இடத்தில் வரும் துளிருக்கு அந்தப் பிடிப்பு இல்லை. அது பட்டைக்குச் சற்று உள்ளே மட்டும் ஒட்டிக்கொண்டு அவசரமாக உயரும். இதற்கிடையில் வெட்டுவாயிலிருந்து உக்கல் கீழே இறங்கும். இலை கனத்து, மழைநீரும் சேர, ஒருநாள் கழன்று விழும். நாங்கள் பூசிய தாருக்கு அடியில் மரம் விரலால் தோண்டும் அளவுக்கு உக்கிப்போயிருந்தது. அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ இதைப் பல வருடங்கள் ஆராய்ந்தவர் என்பதைப் பின்னர் படித்தறிந்தேன். மரத்தின் காயம் நமது தோலைப் போல ஆறுவதில்லை, மரம் அதைச் சுற்றி உள்ளே மதில் கட்டி மூடிக்கொள்கிறது, தார் உக்கலைத் தடுப்பதில்லை என்று அவர் காட்டினார். பெரியவர் அவரைப் படித்தவரல்ல. ஆனால் இரண்டு பேரும் ஒன்றையே சொன்னார்கள்.

ஈர மரத்தில் ஏறமாட்டேன் என்றுவிட்டார். வெயில் கண்ட நாளில் ஏறி, தொங்கி நின்றவற்றை மட்டும் கயிற்றில் கட்டி இறக்கினார். மற்றவற்றைக் காய் பறித்த பிறகு, அடுத்த மாரிக்கு முன் செய்தார். பெரிய கொப்பென்றால் மூன்று வெட்டு. அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி முதலில் கீழிருந்து கொஞ்சம், பிறகு அதற்கு அப்பால் மேலிருந்து. இப்படிச் செய்தால் பட்டை கிழியாமல் பாரம் இறங்கும். கடைசியாக, கிளை அடிமரத்தில் சேரும் இடத்தில் கழுத்துப் போல் வீங்கியிருக்கும் வளையத்தைத் தொடாமல் அதன் வெளி ஓரத்தில் வெட்டு. அந்த வளையம்தான் காயத்தை மூடும். நெருங்கி நின்ற துளிர்களில் பலமானதை விட்டு மற்றதைக் கழித்தார். ஒரே தடவையில் இலைப்பரப்பில் கால்வாசிக்கு மேல் எடுக்கவில்லை. வளவு துப்புரவாக இருக்கட்டுமென்று நான் மரத்தடியைச் சுற்றிப் போட்ட சீமெந்தையும் உடைக்கச் சொன்னார். "வேர் மூச்செடுக்கிறது மேல்மண்ணுல சேர், நீங்க வாயப் பொத்தி வெச்சிரிக்கிங்க."

பலா, ஈரப்பலா மரங்களைத் தறிப்பதற்கு 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும். வாப்பாவின் மாமரத்தின் தலையை வெட்ட எனக்கு உம்மாவின் அனுமதியே இருக்கவில்லை.

உம்மா 2021இல் மௌத்தானா. அதுவரை யன்னலால் அந்த மரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தா. என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. நானும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. எடுத்திருக்க வேண்டும்.

மரம் இப்போதும் காய்க்கிறது. பழைய காய்ப்பு இல்லை. யாரும் கேட்டால் தங்கச்சி, "காத்து முறிச்ச கொப்பு" என்றே இன்றும் சொல்கிறாள். அது உம்மா எனக்காகச் சொல்லிவைத்துவிட்டுப் போன சொல். பிள்ளைகளின் கொப்பிகளில் பிழை திருத்தியே காலம் கழித்தவன் நான். இந்த ஒரு பிழையையும் திருத்திவிடுகிறேன். அது காற்று முறித்த கொப்பு அல்ல.