ராத்தா மீண்டும் நடந்தார்

என் ராத்தாவுக்கு மாரடைப்பு என்று மருத்துவர் சொன்னபோது எங்களில் எவரும் நம்பவில்லை. வயது 48. சர்க்கரை நோயோ இரத்தக் கொதிப்போ இருந்ததில்லை. மஃரிபு வேளையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்தபோது, வாயுத் தொல்லைதான் என்று ஓமநீர் கொடுத்தவன் நானே. இரண்டு மணி நேரம் வீணாயிற்று. அந்தக் குற்றவுணர்வு இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை.

அவருக்கு நேர்ந்தது கொழுப்பினால் வந்த அடைப்பன்று. இதயத்துக்கு இரத்தம் ஊட்டும் குழாயின் சுவர் தானாகவே கிழிந்து, அதன் அடுக்குகளுக்கிடையே இரத்தம் புகுந்து, வழியை நெருக்கிவிட்டது. 1931-இல் 42 வயதுப் பெண்மணி ஒருவரின் பிரேதப் பரிசோதனையில் கண்டு எழுதப்பட்ட நோய் இது. இதற்கு ஆளாவோரில் பத்தில் ஒன்பது பேர் பெண்களே. பெரும்பாலோர்க்குக் கிழிவு சில மாதங்களில் தானே ஆறிவிடுகிறது.

ராத்தாவுக்கும் ஆறியது. எங்கள் அச்சந்தான் ஆறவில்லை. மாடிப்படி ஏற விடவில்லை. அடுப்படிப் பக்கம் போக விடவில்லை. அவருடைய தொழுகையும் நாற்காலிக்கு மாறிற்று. "தம்பி, உயிரோடிருக்கும்போதே என்னை மையித்தாகக் கிடத்திவிட்டீர்களே!" என்று ஒருநாள் அவர் கண்கலங்கியபோதுதான் எங்கள் அன்பு அவருக்குச் சிறையாகிவிட்டதை உணர்ந்தேன்.

மருத்துவர் அவரை இதய மறுவாழ்வுப் பயிற்சிக்கு அனுப்பினார். இந்நோயாளிகளுக்கு உடற்பயிற்சியே ஆகாது என்று விலக்கிய காலமும் உண்டு. 2018-இல் அமெரிக்க இதயச் சங்கம் வெளியிட்ட அறிக்கையோ இப்பயிற்சியைப் பரிந்துரைத்தது. முதல் நாள், மார்பில் கம்பிகளை ஒட்டி, இரத்த அழுத்தம் பார்த்து, ஓடும் பட்டையின் மீது சில நிமிடங்கள் மட்டுமே நடக்கவிட்டார்கள். நடக்கும்போதே பேச முடிய வேண்டும். அதுவே வேகத்தின் அளவு. மூச்சை அடக்கிக்கொண்டு பாரம் தூக்கலாகாது. இதயத் துடிப்பு சற்று உயர்ந்ததும் ராத்தாவின் முகம் வெளுத்தது. அருகில் நின்ற செவிலி, "இது நோயல்லம்மா, நடையின் துடிப்பு" என்றார். அந்த ஒரு சொல், அத்தனை மருந்துகளும் தராத தெம்பைத் தந்தது.

வாரங்கள் சென்றன. ஒரு சுபுஹு வேளையில் நான் எழுந்து வந்தபோது, நாற்காலி சுவரோரம் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. ராத்தா தரையில் முசல்லாவை விரித்து, நெற்றி நிலம்பட சஜ்தாவில் இருந்தார். நான் ஓசையின்றித் திரும்பிவிட்டேன். அல்ஹம்துலில்லாஹ்!

நம் வீட்டுப் பெண்கள் நெஞ்சு வலிக்கிறது என்றால் ஓமநீரைத் தேடாதீர்கள். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நலம்பெற்றுத் திரும்பினால், அவர்களை நடக்கவும் விடுங்கள்.