ஆற்றுக்கு உஷ்ணமானி

காய்ச்சல் கண்ட குழந்தையின் நாவின்கீழ் உஷ்ணமானி வைத்துப் பார்ப்பதை நம் நேயர்கள் அறிவார்கள். ஓடுகின்ற ஆற்றுக்கும் அங்ஙனம் வைத்துப் பார்ப்பார் உளர் என்றால் சிலர் நகைக்கக்கூடும். வெயிலும் மழையுமன்றி வேறு பருவம் அறியாத நம் நாட்டில் ஆற்று நீர் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே பதத்தில் இருக்கிறது. நம் கெளுத்தியும் விராலும் அதைப் பொருட்படுத்துவதுமில்லை. ஆனால் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடமேற்கு மலைப்பகுதியாகிய மொன்டானாவில் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் தூண்டிலோடு புறப்படுகிறவன் சட்டைப்பையில் உஷ்ணமானி இல்லையாயின், விஷயமறிந்த தோழர்கள் அவனை மதிப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அந்நாட்டில் போஸ்மன் நகரில் வாழும் நம் தங்கை மகனிடம் ஒரு திங்கள் தங்கியிருந்தோம். ஈப்போவில் பிறந்தவன், படிக்கச் சென்று அங்கேயே வேலையில் அமர்ந்துவிட்டவன். தூண்டிற் பித்து அவனை எப்படிப் பற்றிற்று என்பது நமக்கு இன்னும் விளங்கவில்லை. அவன் தேடுவது டிரவுட் என்னும் மீன். அதுவும் உண்பதற்கன்று. இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிப் பொய்ப் பூச்சி ஒன்று கட்டி, அதை நீர்மேல் மிதக்கவிட்டு, கவ்விய மீனைக் கரைசேர்த்து, முள்ளைக் கழற்றி, மறுபடியும் ஆற்றிலேயே விட்டுவிடுகிறான்! மீன் என்றால் குழம்பு என்றே கொண்டு வளர்ந்த நமக்கு இது வேடிக்கையாகவே இருந்தது.

டிரவுட் குளிர்நீரில் வாழப் பிறந்தது. நீலகிரியிலும் இம்மீன் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் கொண்டு வந்து விட்டது. அங்கும் மலையுச்சி ஓடைகளில் அன்றிச் சமவெளி ஆறுகளில் அது பிழைப்பதில்லை. காரணம் யாதெனின், நீர் சூடேற ஏற அதில் கரைந்து நிற்கும் பிராணவாயு குறைகிறது. கடல்மட்டத்தில், 10 டிகிரி சென்டிகிரேடில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 11 மில்லிகிராம் பிராணவாயு தங்கும். 20 டிகிரியில் 9 மில்லிகிராமே தங்கும். மலைநாட்டில் இதனினும் குறைவு. அதே வேளையில், சூட்டினால் மீனின் உடல் முன்னிலும் விரைந்து இயங்கி, முன்னிலும் மிகுதியான பிராணவாயுவைக் கேட்கிறது. வரவு சுருங்கச் செலவு பெருகிய குடும்பத்தின் நிலைதான் அதற்கு. அந்நிலையில் முள்ளில் சிக்கிப் போராடிய மீன், விடப்பட்டதும் வாலை அசைத்துக்கொண்டு நீந்திப் போகும். விட்டவன் தன் கருணையை மெச்சிக்கொண்டு வீடு திரும்புவான். சில மணி நேரம் கழித்து அது எங்கேனும் ஒரு பாறையிடுக்கில் செத்து ஒதுங்கும். அதை எவரும் காண்பதில்லை. காணப்படாத கொலைக்குக் கணக்கு ஏது?

ஆகவேதான் உஷ்ணமானி. 68 டிகிரி பாரன்ஹீட், அதாவது 20 டிகிரி சென்டிகிரேடு காட்டிற்றாயின் தூண்டிலைச் சுருட்டிவிட வேண்டும் என்பது தூண்டிற்காரர்களிற் பொறுப்புள்ளோர் தமக்குத்தாமே வைத்துக்கொண்ட வரம்பு. அளப்பதிலும் ஒரு முறையுண்டு. வெயிலில் காயும் கரையோரச் சிறுநீரில் அளந்தால் ஆறு பொல்லாதது போலத் தோன்றும். ஊற்று வந்து கலக்குமிடத்தில் அளந்தாலோ, ஆறு நல்லது என்று நம்மை நாமே ஏய்த்துக்கொள்ளலாம். நிழலில், நீரோட்டத்தின் நடுவே, முழங்கால் ஆழத்தில் இரண்டு மூன்று நிமிஷம் பிடித்து, வெளியே எடுக்குமுன்பே எண்ணைப் படிக்க வேண்டும். ஒரு முறை பார்த்தாலும் போதாது. ஆறு மிகக் குளிர்ந்திருப்பது சூரியோதய வேளையில். மிகச் சூடாவது நண்பகலிலன்று, மாலை 4, 5 மணிக்கு மேல். நாள் முழுதும் வாங்கிய வெயில் சிறுகச் சிறுகச் சேர்ந்து அப்போதுதான் உச்சம் காண்கிறது. காலையிற் பார்த்த எண்ணை நம்பி மாலைவரை மீன் பிடிப்பவன், சென்ற ஆண்டுப் பஞ்சாங்கத்தை இவ்வாண்டு புரட்டுபவனே.

நம் மருமகன் ஆண்டு முழுதும் சேர்த்து வைத்த விடுமுறை ஐந்து நாள். முதல் நாள் மாடிசன் ஆற்றின் கீழ்ப்பகுதிக்கு அழைத்துச் சென்றான். அப்பகுதிக்கு மேலே என்னிஸ் ஏரி என்னும் ஆழமற்ற நீர்த்தேக்கம் இருக்கிறது. அங்கே பரந்து கிடந்து வெயில் காய்ந்த நீரே கீழே ஓடி வருவதால், கோடையில் ஆறு எளிதிற் சூடாகிவிடுகிறது. விடியற்காலை 64 டிகிரி. பத்தரை மணிக்கு 68. அவன் உடனே நூலைச் சுருட்டத் தொடங்கினான்.

"மற்றவர்கள் பிடித்துக்கொண்டுதானே இருக்கிறார்கள், தம்பி?" என்றோம்.

"சட்டம் அவர்களுக்கு இன்னும் இடம் கொடுக்கிறது, மாமா. ஆற்றில் இனி இடமில்லை" என்றான்.

அந்தச் சட்டத்தைச் சற்று விளக்குவோம். நீரின் உச்ச வெப்பம் தொடர்ந்து மூன்று நாள் 73 டிகிரியை எட்டினால், பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை அவ்வாற்றில் மீன் பிடிக்கலாகாது என்று மொன்டானா அரசாங்கம் தடை விதிக்கலாம். மக்கள் இதற்கு 'ஆந்தை விதி' என்று பெயரிட்டிருக்கிறார்கள். முற்காலத்தில் அந்நாட்டு மரம்வெட்டிகள், காடு காய்ந்து தீப்பற்றும் அபாயமுள்ள கோடையில் பின்னிரவிலும் விடியலிலுமே வேலை செய்வார்களாம். அவ்வேளை ஆந்தை அலறும். அதனால் வந்த பெயர். 2021ஆம் ஆண்டு வறட்சியில் அங்குப் பல ஆறுகள் இவ்விதியின்கீழ் வந்தன. விதி நல்லதே. எனினும் மூன்று நாள் காய்ச்சல் அடித்த பின் வைத்தியரை அழைப்பது போன்றது அது என்பது நம் அபிப்பிராயம்.

கூலிக்குப் படகு வலித்துத் தூண்டிற்காரர்களை ஆற்றில் அழைத்துச் செல்லும் ஒருவரை அங்குக் கண்டோம். அவருக்கு இது வயிற்றுப்பாடு. பிற்பகல் அடைபட்டால் அரை நாள் கூலி போயிற்று. ஆயினும் அவர் விடியுமுன் படகை இறக்கி, நண்பகலுக்குள் கரையேறிவிடுகிறார். விதி வருமுன்பே அப்படித்தானாம். "மீன் செத்தால் அடுத்த ஆண்டு எதைக் காட்டிக் கூலி கேட்பேன்?" என்றார். 2016ஆம் ஆண்டு ஆகஸ்டில் எல்லோஸ்டோன் ஆற்றில் ஒட்டுண்ணி நோயால் ஆயிரக்கணக்கான வெள்ளை மீன்கள் மிதந்தபோது, 183 மைல் நீளத்துக்கு ஆற்றையே அரசாங்கம் மூடிவிட்டது. நீர் வற்றியும் வெதும்பியும் கிடந்தது நோய்க்குத் துணையாயிற்று. படகோட்டிகள் அந்நாட்களை மறக்கவில்லை.

இன்னொரு நாள் எல்லோஸ்டோன் பூங்காவிலுள்ள ஃபயர்ஹோல் ஆற்றைக் கண்டோம். கரையெங்கும் வெந்நீர் ஊற்றுக்கள் ஆவி கக்குகின்றன. அவற்றின் நீர் ஆற்றிலேயே விழுகிறது. கோடை முற்றினால் டிரவுட்டுகள் ஆற்றைவிட்டு, வந்து கலக்கும் குளிர்ந்த ஓடைகளின் வாயில் திரள்கின்றன. அங்கே தூண்டில் வீசினால் பலவற்றை அள்ளலாம். வெள்ளத்துக்கு அஞ்சிப் பள்ளிக்கூடத்தில் ஒண்டியவர்களிடம் கொள்ளையடிப்பதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

திரும்பும் வழியில், நெடுநேரம் அடக்கி வைத்திருந்த வினாவைக் கேட்டேவிட்டோம்: "மீனுக்கு இத்தனை இரங்குகிறவன் அதன் வாயில் முள் மாட்டுவானேன்?"

அவன் சிறிது நேரம் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தான். "அதற்கு என்னிடம் விடையில்லை, மாமா. ஆனால் ஆற்றில் இறங்காத எவரும் இந்த நீர் சுடுகிறது என்று எனக்குச் சொன்னதில்லை" என்றான்.

விடையன்று அது, எனினும் தள்ளிவிடவும் நமக்கு மனம் வரவில்லை.

ஐந்தாம் நாள் ஒன்பதரை மணிக்கே 68 ஆகிவிட்டது. கரையில் மூட்டை கட்டுகையில், சற்றுக் கீழே மீன் பிடித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் வந்து, எவ்வளவு என்று கேட்டார். மருமகன் எண்ணைச் சொல்லாமல் உஷ்ணமானியையே அவர் கையில் கொடுத்தான். அவர் ஓட்டத்தில் இறங்கி, முறைப்படி பிடித்துப் பார்த்தார். துடைத்துத் திருப்பிக் கொடுத்து நன்றி கூறினார். பின் தம் இடத்துக்குப் போய் மீண்டும் தூண்டிலை வீசினார். நாங்கள் வண்டியில் ஏறினோம்.