அப்பத்தாவின் குரல்

வடநாட்டுக்குப் படிக்க வந்த எனக்கு ஊர்த்துணை ஒன்றே: சென்ற ஆண்டு மறைந்த அப்பத்தாவின் தாலாட்டுப் பதிவு. ஆய்வுக்கூடத்தில் லினக்ஸ் ஓடும் பலகையில், நானே எழுதிய ஒலி டிரைவரைச் சோதிக்க அதை ஓடவிட்டேன். பாடியவள் யாரோ குமரி!

நகைக்காதீர், நண்பர்களே. பதிவு நொடிக்கு 44,100 மாதிரிகள் கொண்டது. அதற்கு 256 மடங்கான 11.2896 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு தேவை, 48,000க்கோ 12.288. ஒன்றை முழு எண்ணால் வகுத்து மற்றதைப் பெற முடியாது. ஆகவே பலகையில் இரண்டு மூலக் கடிகாரங்கள். டிரைவர் தன் கடிகாரத்தைப் பற்றிக்கொண்டு, 'கிளாக் கெட் பேரண்ட்' என்னும் அழைப்பினால், "இதன் தாய் யார்? அத்தாயின் தாய் யார்?" என்று கெர்னலிடம் கேட்டுக்கொண்டே மேலேறும், கண்ட மூலம் ஒவ்வாததாயின் மற்றதற்கு மாற்றும். டிவைஸ் ட்ரீயில் அந்த மற்றதன் பெயரை எழுத மறந்திருந்தேன். பெயர் கிடைக்காவிட்டால் வாளாவிருக்கும்படி டிரைவரை எழுதியவனும் நானே! ஆகவே 48,000க்குரிய தாயே நிலைத்தது. பாட்டு நூற்றுக்கு ஒன்பது பங்கு விரைந்து, சுருதியும் அரைக் கட்டைக்கு மேல் ஏறிற்று.

விட்ட பெயரைச் சேர்த்தேன். இருமலோடு அப்பத்தா வந்தாள். மூன்றாம் அடியை மறந்து, "இருடா, நினைச்சுக்கிறேன்" என்பாளே, அந்த இடமும் வந்தது.