கரை தேடும் பயணம் – 4: திருமலைத் துறைமுகத்தின் பின்தெருக்கள்

திருகோணமலைக்குக் குடிவரலாமா என்று ஊர் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் நேரே நிலாவெளிக்குத்தான் போகிறார்கள். நாங்கள் நிலாவெளியைக் கடைசிக்கு ஒதுக்கிவிட்டு, துறைமுகத்தைச் சுற்றியிருக்கும் தெருக்களில் முதலில் நடந்தோம். சிறு பிள்ளைகளோடு வாழ ஊர் தேடுகிறவர்களுக்குக் கடற்கரை மணலைவிடக் கிணறும் பாடசாலையும் முக்கியம். கொழும்பை விட்டுக் குடிபோக நாங்கள் யோசித்த ஊர்களில், நீர்கொழும்பு வாடகை கொழும்பையே எட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மட்டக்களப்பு பிடித்திருந்தாலும், மனைவியின் வங்கியில் அந்தப் பக்கம் வெற்றிடம் இல்லை. எங்கள் பட்டியலில் மிஞ்சியது திருமலை.

கொழும்புக் கோட்டையிலிருந்து இரவு ரயிலில் வந்தோம். கல்ஓயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதை பிரிந்து போக, நம் வண்டி காட்டுக்குள் நுழைகிறது. கந்தளாய் தாண்டி தம்பலகாமத்து வயல்கள் வெளிக்கும்போது விடிந்திருந்தது. அடுத்தது சீனக்குடா. மாவு ஆலையின் உயர்ந்த களஞ்சியங்களைப் பார்த்து "அது கோட்டையா அப்பா?" என்று மகள் கேட்டாள். கோதுமைக் கப்பல் வந்து நிற்கிற இடம் என்றேன். நாட்டின் பாண் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது என்பதையும் சொல்லிவைத்தேன்.

இந்தத் துறைமுகத்தைப் பற்றி எழுதாத வல்லரசு இல்லை. போர்த்துக்கீசர் 1622இல் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். பிறகு ஒல்லாந்தர் வந்தார்கள், 1795இல் பிரித்தானியர். பிரித்தானியக் கடற்படை இங்கிருந்து வெளியேறியது 1957இல்தான், நாடு சுதந்திரம் பெற்று ஒன்பது வருடம் கழித்து. அவர்கள் சீனக்குடாவில் கட்டிவிட்டுப் போன 99 எண்ணெய்த் தாங்கிகளைப் பங்குபோடும் ஒப்பந்தம் 2022 ஜனவரியில் கையெழுத்தானது. லங்கா ஐஓசிக்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, மீதி 61 கூட்டுக் கம்பனிக்கு. கொழும்புப் பத்திரிகைகள் வாரக்கணக்காக எழுதிய செய்தி அது.

அந்தச் செய்திகளில் ஒருபோதும் வராத ஒரு விஷயம் தெருவில் நடந்தால் தெரிகிறது. கோட்டைக்குள் இராணுவம். டொக்யார்ட்டில் கடற்படை. சீனக்குடாவில் விமானப்படை, அதைச் சுற்றி தாங்கிகள் நிற்கும் காடு. உவர்மலையில் ஆளுநர் செயலகமும் மாகாண அலுவலகங்களும். ஆழமான துறைமுகம் இருந்ததாலேயே நல்ல நிலமெல்லாம் அரசுக்கும் படைக்கும் போய்விட்டது. இரண்டு கடலுக்கு நடுவே ஒடுங்கிய கழுத்துப் போன்ற நிலத்தில் ஊர் நெருங்கிக் கிடக்கிறது. பத்துப் பேர்ச் காணி தேடி வருகிற குடும்பத்துக்கு இந்தத் துறைமுகத்தின் வரலாறு பாடப்புத்தகத்துச் சங்கதி அல்ல, காணி விலையிலேயே அது இருக்கிறது.

கன்னியாப் பக்கம் காணி காட்டிய தரகர் சொன்ன விலையைக் கேட்டு எனக்கு ஆசை வந்தது உண்மை. மனைவிதான், "அண்ணை, உறுதிக் காணியா, பெர்மிட் காணியா?" என்று கேட்டாள். பெர்மிட்தான். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி கொடுக்கப்படும் அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிப் பணம் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தத் தாளுக்கு நீதிமன்றத்தில் மதிப்பில்லை. உறுதிக் காணியிலும் இங்கே கவனம் வேண்டும். இடம்பெயர்வில் உறுதிகள் தொலைந்த குடும்பங்கள் பல. போரால் 2006இல் வெளியேறிய சம்பூர் மக்களால் 2015இலிருந்துதான் தங்கள் வளவுக்குத் திரும்ப முடிந்தது. காணிப் பதிவகத்தில் பழைய பதிவுகளைத் தேடி, நில அளவையாளரைக் கூட்டிப்போய் எல்லைக் கல் பார்க்காமல் யாரும் முற்பணம் கொடுக்கக்கூடாது. என்னைக் கேட்டால், வந்த முதல் வருடம் காணியே வாங்கக்கூடாது. வாடகைக்கு இருந்து ஊரைப் படிக்கவேண்டும்.

வாடகை வீடு தேடுவதற்கு இங்கே ஒரு பருவம் இருக்கிறது. மாகாணத் தலைநகர் என்பதால் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து உத்தியோகத்தர் பலர் இடமாற்றத்தில் வந்து குடியிருக்கிறார்கள். வருடாந்த இடமாற்றம் ஜனவரி முதலாம் திகதி என்பதால் மார்கழிக் கடைசியில் வீடுகள் காலியாகும். உப்புவெளியிலும் அலஸ்தோட்டத்திலும் நிலைமை வேறு. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை வெள்ளைக்காரர் வரும் காலம் என்பதால், நல்ல அறைகளெல்லாம் நாள் வாடகைக்குப் போய்விடுகின்றன. அங்கே ஒரு குடும்பம் வருடம் முழுக்க நிம்மதியாக இருப்பது கஷ்டம்.

பாலையூற்றில் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவரின் வீட்டைப் பார்த்தோம். ஓட்டு வீடு, இரண்டு அறை, நீளமான விறாந்தை, வளவுக்குள் இரண்டு முருங்கையும் ஒரு மாமரமும். ரீச்சர் எங்களை உட்காரச் சொல்லும் முன்பே கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு வாளி இறைத்து, செம்பில் ஊற்றி, மனைவியிடம் நீட்டினார்.

"குடிச்சுப் பார் பிள்ளை. இப்ப நல்லாத்தான் இருக்கும். கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில கொஞ்சம் சவர்க்கும். குடிக்கக் குழாய்த் தண்ணி இருக்கு, கந்தளாய்க் குளத்துத் தண்ணி. தோய்க்க, குளிக்க இது தாராளம்."

மனைவி ஒரு மிடறு விழுங்கிவிட்டுத் தலையாட்டினாள். ரீச்சர் என்னைப் பார்த்து, "தம்பி, மழைக்கு இந்த மூலையில தண்ணி நிக்கும். அதையும் பார்த்திட்டுச் சொல்லுங்கோ" என்று மதிலோரம் காட்டினார். மதிலில் முழங்கால் உயரத்தில் பழைய வெள்ளத்தின் பழுப்புக் கோடு. குறையை முதலில் காட்டுகிற வீட்டுக்காரரை நான் மதிக்கிறேன். வாடகை, வெள்ளவத்தையில் நாங்கள் கொடுப்பதில் பாதியும் வராது.

பாடசாலை விஷயம் இன்னும் சிக்கலானது. திருமலையில் நல்ல பாடசாலைகளுக்குக் குறைவில்லை. புனித சூசையப்பர் கல்லூரி 1867இலும், இந்துக் கல்லூரி 1897இலும், ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி 1923இலும் தொடங்கியவை. ஆனால் தரம் ஒன்றுக்கு இருக்கும் இடங்களில் பாதி, பாடசாலைக்கு அருகே வதிவோருக்கு. அந்த வதிவிடத்துக்குப் புள்ளி போடும்போது பெற்றோரின் பெயர் வாக்காளர் இடாப்பில் எத்தனை வருடமாக இருக்கிறது என்று பார்க்கிறார்கள். சொந்த உறுதிக்குக் கிடைக்கும் புள்ளி வாடகை ஒப்பந்தத்துக்குக் கிடையாது. ஆகவே பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போது ஊர் மாறுவது காலம் கடந்த வேலை. மூன்று வயதில் வந்து, கிராம உத்தியோகத்தரிடம் பதிந்து, இடாப்பில் பெயர் ஏறவைப்பது புத்தி. எங்கள் மகளுக்கு இப்போது மூன்றரை. இந்தப் பயணத்தின் அவசரமே அதுதான்.

மாலையில் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனோம். காந்தி சிலையடியில் கச்சான் வாங்கிக் கொடுத்தேன். அந்த இடத்தில் 2006 ஜனவரி 2ஆம் திகதி ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பரீட்சை எழுதி முடித்து, நண்பர்களோடு காற்று வாங்க வந்த பிள்ளைகள். அவர்களுக்கு இன்றுவரை நீதி கிடைக்கவில்லை. இந்த ஊரில் பிள்ளை வளர்க்க நினைக்கும் எந்தத் தாய் தகப்பனும் அதைத் தெரிந்துகொண்டே வரவேண்டும் என்பது என் எண்ணம். மனைவி வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இஞ்ச எல்லாச் சனமும் இருக்கினம்" என்றாள். உண்மைதான். 2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தில் முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் மூவரில் எவரும் பாதியைத் தொடவில்லை. எங்களுக்குப் பக்கத்தில் மணலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் இரண்டு மொழியில் சண்டை பிடித்தார்கள். என் மகள் இரண்டு மொழியும் பேசி வளரவேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். அந்த ஆசை கொழும்பைவிட இங்கே இயல்பாக நிறைவேறும் என்று நம்புகிறேன்.

கடல் பற்றியும் சொல்லவேண்டும். 1964 மார்கழிச் சூறாவளியைப் பற்றி இங்குள்ள பெரியவர்கள் இன்னும் கதைக்கிறார்கள். 2004 சுனாமி நிலாவெளியையும் கிண்ணியாவையும் மூதூரையும் அடித்தது. கிண்ணியா வைத்தியசாலையே அழிந்தது. அதனால்தான் நாங்கள் கரையோரத்து வீடுகளைப் பார்க்கவேயில்லை. கடல் தெரியும் யன்னலைவிட, அலைக்கு எட்டாத தரை பெரிது.

அன்றாடச் செலவில் திருமலை கை கொடுக்கிறது. காலையில் திருக்கடலூர்க் கரையில் ஃபைபர் படகுகள் ஏறும்போதே வியாபாரம் தொடங்கிவிடுகிறது. அறக்குளா கொழும்பு லொறிக்குப் போகிறது. சூடையும் கீரியும் சாக்கில் கொட்டிக் கூறு போட்டு விற்கிறார்கள். ஒரு கூறில் எங்கள் வீட்டுக்கு இரண்டு நேரக் குழம்பு. அரிசி தம்பலகாமத்திலிருந்தும் கந்தளாயிலிருந்தும் வருகிறது, எருமைத் தயிர் முட்டியோடு கடைக்கு வருகிறது. 2022இல் எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் கொழும்பில் இரவிரவாக வரிசையில் நின்ற எங்களுக்கு, சோறும் மீனும் நடக்கிற தூரத்தில் கிடைக்கும் ஊர் என்பது பெரிய ஆறுதல். மாமரத்தடியில் விறகடுப்பு மூட்டவும் ரீச்சர் வீட்டில் இடம் உண்டு.

நிலாவெளிக்குக் கடைசியாகத்தான் போனோம். அழகைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். விடுமுறைக்கு வருவோம்.

ரீச்சரிடம் இரண்டு வருட ஒப்பந்தம் பேசியிருக்கிறோம். ஆறு மாத முற்பணம், நொத்தாரிசு முன்னால் எழுதிப் பதிவது, மதிலோரத்து வாய்க்காலை மழைக்கு முன் அவர் வெட்டித் தருவது. இப்போது குடியிருக்கும் மட்டக்களப்பு உத்தியோகத்தர் மார்கழிக் கடைசியில் போகிறார். ஒரேயொரு விஷயம் மிச்சம். வங்கியில் வெற்றிடம் இருப்பது நகரக் கிளையில் அல்ல, கிண்ணியாவில். 2009இல் பாலம் திறக்கும்வரை அங்கே போக பாதை எனப்படும் மிதவையில்தான் கடக்கவேண்டியிருந்தது. இப்போது பஸ் நேரே ஓடுகிறது. காலை ஏழு மணிக்குப் பாலையூற்றில் ஏறினால் எட்டரைக்குள் வங்கிப் படி மிதிக்கலாமா, மாலையில் பிள்ளைகள் பசித்து அழுமுன் திரும்பலாமா என்று நாளை மனைவியோடு பஸ்ஸில் போய்ப் பார்க்கப்போகிறேன். அது அடுத்த பகுதியில்.